ஏழு படிகள் இருந்த வீடு

காலை ஒன்பதே முக்காலுக்கு அம்பத்தூர் வீட்டிலிருந்து கிளம்பினேன். குழந்தையைத் தூக்கித் தெருவில் நிறுத்திவிட்டு நானும் ஏறி வந்தேன். கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

போன மழையில் இந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. வடியும்வரை மீராவைக் கட்டிலைவிட்டு இறக்கவில்லை. இரண்டு வயதுக் குழந்தை. அப்போது பிடித்த இளைப்பு இன்னும் முழுதாக விடவில்லை. அடுத்த மழைக்குள் வேறு வீடு போயாக வேண்டும். திருநின்றவூரில், ஏரியை ஒட்டிய காலனியில், ஒரு கீழ்வீடு வாடகைக்கு இருப்பதாக என் கணவர் விசாரித்து வைத்திருந்தார். அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ரயிலுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். ஆவடியில் கூட்டம் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. பட்டாபிராம் தாண்டியதும் கட்டி முடிக்காத வீடுகள், மனை விற்பனைப் பலகைகள், நடுநடுவே தேங்கிய பச்சைத் தண்ணீர். இன்ஹேலரை எடுத்து வந்தேனா என்று பையைத் திறந்து பார்த்தேன். இருந்தது. நெமிலிச்சேரியில் மறுபடியும் பார்த்தேன்.

ஸ்டேஷனிலிருந்து காலனி இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"குந்துக்கா. கொயந்தைய மடில வெச்சிக்கோ," என்றார் ஓட்டுநர். "ஊடு பாக்கவா?"

"ஆமாண்ணா. அங்க மழைக்குத் தண்ணி நிக்குமா?"

"எங்க நிக்கிது? முன்வாசல்ல பூந்து பின்வாசல்ல போய்கினே இருக்கும்."

பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்காரர் ஜெபமாலை ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி ரோசலினும் மாடியில் இருக்கிறார்கள். கீழ்வீடு புதிதாக வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. தண்ணீர் வருமா என்று கேட்டேன். அவர் மாடிக்குப் போய் ஓர் ஆல்பத்தோடு இறங்கி வந்தார்.

"நம்ம வீட்டு ஒசரத்த நீயே பாரும்மா."

முதல் படத்தில் வெறும் பொட்டல். வெள்ளையடித்த எல்லைக் கற்கள், தூரத்தில் ஏரிக்கரை, மனைக்கு நடுவே வேட்டியை மடித்துக் கட்டிய இளைஞராக ஜெபமாலை. அடுத்ததில் தனியாக இந்த வீடு. சர்ச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். குடும்பம் முழுக்க வாசற்படிகளில் வரிசையாக நிற்கிறது. மீரா விரல் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. மீதியை நான் எண்ணினேன். ஏழு.

பக்கங்களைப் புரட்டப் புரட்ட வீடுகள் முளைத்தன, மின்கம்பங்கள் வந்தன, ஏரிக்கரை மறைந்தது. ஒரு படத்தில் தார் ரோடு போட்ட நாள். தெருவே கூடி ரோடு ரோலருக்கு மாலை போட்டிருந்தது. அதற்கடுத்த படத்தில் இந்த வீட்டுக்கு ஐந்து படிகள்.

நான் நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். தெருவும் வீட்டுத் தரையும் ஒரே மட்டம்.

"சார், படியெல்லாம் எங்க?"

"ரோடு போட்டதுல ஒண்ணு உள்ள போயி ஆறாச்சு. ரெட்டப்படைல படி இருக்கக் கூடாதுன்னு கொத்தனாரு ஒத்துக்கல. வாசலுக்கு மண்ணடிச்சு இன்னொண்ண மூடி அஞ்சாக்கினோம். ரோடு மேல ரோடு போட்டான். அப்பப்ப அப்படித்தான்."

"வேதக்காரங்களுக்கு இன்னா ஒத்தப்பட ரெட்டப்படன்னு நான் அப்பவே கேட்டேன்," என்றார் ரோசலின்.

"கேட்டவ, காலைல வெளக்குமாறோட நின்னு எண்ணிப் பாத்தியே."

"எண்ணத்தான் எண்ணுனேன். தெருவே எண்ணுச்சும்மா. ரோடு ஒண்ணு முழுங்குச்சு, நாங்க ஒண்ணு முழுங்குனோம்."

"மாடி கிடைக்குமா ஆன்ட்டி?"

"மாடிக்கு நாங்க ஏறினதே தண்ணிக்குப் பயந்துதானேம்மா."

ஜெபமாலை ஆல்பத்தை மூடினார். "ரோசலி, புள்ளைக்கு பிஸ்கெட் குடு."

கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று விடைபெற்றேன். ஆட்டோ வரும்வரை இருவரும் கூடவே நின்றார்கள். நல்ல மனிதர்கள். வாடகையும் எங்களுக்குக் கட்டுப்படியாவதுதான். வேறு வீடு எங்கே கிடைக்கும்? நான்தான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனோ? ரயிலில் போனை எடுத்து 'வேண்டாம்' என்று தட்டச்சு செய்து அழித்தேன். அண்ணனூர் தாண்டி மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன்.

மூன்றரைக்கு வீட்டைத் திறந்தேன். மீரா நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவிலிருந்து வீட்டுக்குள் ஒரு காலைக் கீழே வைத்து, "ஒண்ணு" என்றாள்.

தினமும் இப்படித்தான் இறங்குகிறாள். குழந்தை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். நானும் உள்ளே இறங்கி நின்று, 'வேண்டாம், வேறு பார்ப்போம்' என்று கணவருக்கு அனுப்பினேன். பிறகு தெருவை நிமிர்ந்து பார்த்தேன். இந்த வீட்டுக்கும் யாரோ ஒரு காலத்தில் படியேறித்தான் வந்திருப்பார்கள்.