பிள்ளைகளைப் பிரிக்காத தேவன்

போன மழைக்காலத்தில் என் அக்காவும் மாமாவும் நெடுஞ்சாலை விபத்தில் ஒன்றாகப் போய்விட்டார்கள். வேலூர் சத்துவாச்சாரியில் அவர்கள் வீட்டில் மிஞ்சியது இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பெனிட்டா நான்காம் வகுப்பு. சின்னவள் கெசியாவுக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாது.

என் பெயர் சுகந்தி. அக்காவுக்கு ஒரே தங்கை, கல்யாணமாகாதவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள் என்று உறுதியாக நம்பினேன். இருவருக்கும் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நான். விசுவாசத்தில் வளர்ப்பேன் என்று சபை முன்னால் வாக்குக் கொடுத்தவள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் போய்ப் பார்த்த வக்கீலம்மாவிடம் இதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். "சிஸ்டர், அது சர்ச்சுல செல்லும், கோர்ட்டுல செல்லாது. அவங்கப்பா ஒரு உயில்ல கார்டியன் பேரை எழுதி வெச்சிருந்தா கதையே வேற. இப்ப புள்ளைங்களுக்கு எது நல்லதுன்னு பாத்து ஜட்ஜ்தான் முடிவு பண்ணணும்" என்றார்.

அதற்குள் மாமாவின் அண்ணன் ஜெயசீலனும் மனுப் போட்டுவிட்டார். காட்பாடியில் வீடு வாசல் உண்டு, பிள்ளை இல்லை. வழக்கு முடியும்வரை ஆளுக்கு ஒன்று என்று உறவுக்காரர்கள் பிரித்துவிட்டார்கள். பெனிட்டா காட்பாடிக்கு, கெசியா ஆம்பூருக்கு. பாத்திரம் பண்டம் பிரிக்கிற மாதிரி! பிஸ்கட் கொடுத்தால் கெசியா பாதியை அக்காவுக்கு என்று எடுத்து வைப்பாள். சாயங்காலம் அதில் எறும்பு மொய்க்கும். அதைப் பார்த்து நான் அழுத அழுகை ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இதில் ஒரு கூத்து. நானும் ஜெயசீலனும் வேலூரில் ஒரே உபவாச ஜெபத்துக்குப் போகிறவர்கள். பெண்கள் பக்கம் நான் எழுந்து, "புள்ளைங்க எனக்குக் கெடைக்கணும், ஜெபிச்சிக்கோங்க" என்பேன். ஆண்கள் பக்கம் அவர் எழுந்து அதையே சொல்வார். ஒரு நாள் பாஸ்டர் ஐயா மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆண்டவரைத்தான் கேக்குறீங்க. நான் யாருக்கு ஆமென் சொல்றது? புள்ளைங்க ஒண்ணா இருக்கணும்னு கேளுங்கம்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது வேறு ஜெபம் வரவில்லை. "அப்பா, யார் வீடானாலும் சரி, இரண்டும் ஒரே வீட்டில் இருக்கட்டும்" என்றேன். சொல்லும்போது நெஞ்சு வலித்தது.

விசாரணை நாளில் நீதிபதி அம்மா முதலில் பெனிட்டாவைத் தனியாக அழைத்துப் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். ஏதேதோ கேட்டுவிட்டுக் கடைசியில், "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா இவங்களை யார் பாத்துப்பாங்க?" என்றார்.

அதை நான் யோசித்ததே இல்லை. வாய் தானாகச் சொன்னது: "அவங்க பெரியப்பாதான் மேடம்."

அதுவரை வெளியே நின்றிருந்த ஜெயசீலனை உள்ளே அழைத்து அதே கேள்வியைக் கேட்டார். அவர் தலை குனிந்தபடி, "சித்தி இருக்காளே மேடம். சுகந்தி பாத்துப்பா" என்றார்.

"அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கிறீங்க?" என்றார் நீதிபதி.

ஜெயசீலன் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "எங்க வீட்டுல பெனிட்டாவும் பிஸ்கட்ல பாதிய தங்கச்சிக்குன்னு எடுத்து வெக்கிதும்மா. என்னால பாக்க முடியல. ரெண்டும் உங்கிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம மட்டும் எங்களுக்குக் குடு."

நீதிபதி அதன்படியே என்னைக் கார்டியனாக நியமித்து உத்தரவிட்டார். பிள்ளைகளின் வீட்டைக் கோர்ட் அனுமதி இல்லாமல் நான் விற்கவும் முடியாது. அதுவும் நல்லதற்குத்தான்.

சின்னப் பிள்ளை வைத்திருக்கிறவர்களே, கையெடுத்துக் கேட்கிறேன். ஜெபியுங்கள். உங்களுக்குப் பின் பிள்ளை யாரிடம் என்று உயிலும் எழுதி வையுங்கள். அது அவிசுவாசம் இல்லை. உங்களால் ஆகாதது எதுவோ, அதை ஆண்டவரை நம்பி விட்டுவிடுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.

இன்று இரண்டும் ஒரே பிஸ்கட்டுக்கு அடித்துக்கொள்கின்றன. அந்தச் சத்தத்துக்காகத் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.