என் சிவப்பு மையில் ஒரு பூஜ்ஜியம்

யோகேஸ்வரி டீச்சர் இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை, பள்ளியில் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மகள் தர்ஷினி போனில் சொன்னார்: "அம்மா விடிய வெள்ளன போயிட்டா, அங்கிள். உங்களுக்குக் கட்டாயம் சொல்லச் சொன்னவா." பிறகு வகுப்பறைக்குப் போய்க் கணினியைத் திறந்தால் நிர்வாகத்தின் மின்னஞ்சல் அதற்குள் வந்து நின்றது. "நம் பள்ளியின் முன்னாள் ஆங்கில உதவியாளர் காலமானார்" என்று மூன்றே வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உதவியாளராம்! யோகேஸ்வரி டீச்சரைத் தெரியாதவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவர் வடமராட்சியில் உயர்தர வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்தவர். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்ததும் அவருடைய பட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளி குறைந்தது என்று வகுப்பைக் கொடுக்கவில்லை. நகரின் தெற்கே பாபடோயிட்டோயில் எங்கள் பள்ளியில் அவர் உதவியாளராகச் சேர்ந்தது உண்மைதான். பிறகு மறுபடி படித்து, ஆசிரியராகப் பதிவு பெற்று, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளின் பிரிவுக்கே பொறுப்பாசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். அந்த மூன்று வரியை எழுதியவருக்கு அதைத் தேடிப் பார்க்கக்கூட மனம் வரவில்லை.

நான் மதுரைக்காரன். அவர் உதவியாளராக இருந்த காலத்தில்தான் நானும் அங்கே அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன், புதுசு, வேலை விசா. என் வகுப்பின் கடைசி பெஞ்சில், புதிதாக நாட்டுக்கு வந்த பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது அவர் வேலை. ஆனால் எந்நேரமும் ஒரு கட்டம் போட்ட நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருப்பார். என் உச்சரிப்பைத்தான் குறை எழுதுகிறார் என்று நினைத்து ஒருநாள் கேட்டே விட்டேன்.

"என்ன டீச்சர், என்னைப் பத்தி ரிப்போர்ட்டா?"

"ஓம் சேர், உங்களைப் பற்றித்தான்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். நான் நடத்திய அறிவியல் அதில் ஒரு வரி இல்லை. பிள்ளைகளை நான் செய்யச் சொன்னவை மட்டும் இருந்தன: ஒப்பிடு, காரணம் சொல், முடிவை எழுது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அதைச் செய்ய எத்தனை வாக்கியம், எப்படிப்பட்ட வாக்கியம் தேவை என்று குறித்திருந்தார். "நீங்கள் ஒரு பாடத்துக்குள்ள இரண்டு பாடம் படிப்பிக்கிறீங்கள் சேர். மற்றது இருக்கிறதே உங்களுக்குத் தெரியேல்லை."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. என் அறைச் சுவரில் ஒரு அட்டவணை உண்டு: இந்த வயதுப் பிள்ளை கணிதத்திலும் அறிவியலிலும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று. ஆங்கிலப் பிரிவின் சுவரில் வேறொன்று: ஆங்கிலம் கற்கும் பிள்ளை படிப்படியாக என்ன பேச, எழுத முடியும் என்று. இரண்டையும் வரைந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை போல. என் அட்டவணை "விளக்குக" என்று கேட்கும் இடத்தில், அந்த அட்டவணைப்படி பிள்ளை இரண்டு சொல்லைச் சேர்த்தால் பெரிது. நாங்கள் என்ன செய்தோம்? பதினைந்து வயதுப் பிள்ளை கையில் கலர் பென்சிலைக் கொடுத்து, தாவர செல்லுக்கு நிறம் தீட்டச் சொன்னோம். பக்கத்து மேசை ஒளிச்சேர்க்கையை விளக்கிக்கொண்டிருக்கும்.

பரீதாவின் விஷயம் அப்போதுதான் நடந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து ஓராண்டு ஆன பெண். எண்ணெய் ஏன் தண்ணீரில் மிதக்கிறது, இரண்டு முழு வாக்கியத்தில் விளக்குக என்பது கேள்வி. பரீதா வாக்கியம் எழுதவில்லை. ஒரு தராசு வரைந்திருந்தாள்; இரு தட்டிலும் ஒரே அளவுக் கோப்பை, தண்ணீர்த் தட்டு கீழே, எண்ணெய்த் தட்டு மேலே. திருத்தும் வழிகாட்டியில் படத்துக்கு மதிப்பெண் இல்லை. சிவப்பு மையில் பூஜ்ஜியம் போட்டு, பக்கத்தில் என் இனிஷியலையும் போட்டேன். அந்த மதிப்பெண்ணோடு அவள் அடுத்த ஆண்டு கீழ் வகுப்புக்குப் போவாள். அங்கிருந்து வேதியியலுக்கு வழி கிடையாது.

டீச்சர் அந்தத் தாளை என் மேசையில் வைத்தார். "இந்தப் பிள்ளைக்கு அடர்த்தி தெரியாதோ, அதை எழுதத் தெரியாதோ? நீங்கள் எதைச் சோதிச்சனீங்கள் சேர்?"

ரூல்ஸ், வழிகாட்டி என்று சப்பைக்கட்டு கட்டினேன். அவர் காது கொடுக்கவில்லை. பரீதாவை அழைத்து, எண்ணெயையும் தண்ணீரையும் ஒரு தராசையும் முன்னால் வைத்து, "காட்டு" என்றார். அவள் அளந்து, நிறுத்து, நாலைந்து சொல்லில் சொல்லி முடித்தாள். பதிவேட்டில் மதிப்பெண்ணை மாற்றினேன். பரீதா இன்று ஆக்லாந்தின் மாசி என்ற பகுதியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர்.

அதன் பிறகுதான் டீச்சர் இரண்டு அட்டவணைகளையும் ஒன்றாக்க உட்கார்ந்தார். பாடம் பாடமாக: அறிவியல் கேட்பது இது, அதற்கு வேண்டிய மொழி இது, இந்தப் படியில் நிற்கும் பிள்ளை அதைப் படமாகவோ செய்துகாட்டியோ தொடங்கிவைத்த வாக்கியத்தை முடித்தோ சொல்லும் வழி இது. கணிதத்துக்கும் அப்படியே. இரண்டு ஆண்டு ஆயிற்று. பள்ளிக் கூட்டத்தில் அதை வைத்தபோது ஒரு மூத்த ஆசிரியர், "முதலில் ஆங்கிலம் வரட்டும், பிறகு அறிவியல்" என்றார்.

"பிறகு என்றால் எப்போது? அதுவரை பிள்ளைகளுக்கு வயது ஏறாதா?" என்று டீச்சர் கேட்டார். அப்படியானால் பாடத்தை எளிதாக்கிவிடலாம் என்றார் இன்னொருவர். "வேண்டாம். அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும் வழியை மட்டும் கூட்டுங்கள்" என்றார்.

நான்? வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசாவை நினைத்துப் பயம்.

கடைசியில் ஒரு குழு போட்டு, அவருடைய அட்டவணையை ஏற்று, அழகாக அச்சிட்டு, எல்லா வகுப்பறையிலும் மாட்டினார்கள். அடியில் குழுவினர் பெயர்கள். என் பெயரும் இருந்தது, அவர் பெயர் இல்லை. உதவியாளர் குழுவில் இருக்க முடியாதாம். டீச்சர் பெருந்தன்மையோடு சிரித்தார் என்று எழுதினால் அது பச்சைப் பொய். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. இடைவேளைத் தேநீரைக் காரில் உட்கார்ந்து குடித்தார்.

இப்போது புதிய பாடத்திட்டம் வந்திருக்கிறது. அந்த அட்டவணையைக் கழற்றிவிட்டு, புதிய பிள்ளைகளை ஆங்கிலம் தேறும்வரை தனி அறையில் வைப்பதா என்று முடிவு செய்ய வருகிற வியாழக்கிழமை கூட்டம். போன மாதம் மருத்துவமனையில் படுத்திருந்த டீச்சரிடம் இதைச் சொன்னேன். மூக்கில் குழாயோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கள் போறீங்கள்தானே?"

"பாப்போம் டீச்சர்."

"பார்த்தது போதும் சேர். கதையுங்கோ." வாயைத் திறந்து பேசச் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சடங்கில் பள்ளியிலிருந்து வந்தவர் ஒருவர், "பொறுமையானவர், புன்னகை மாறாதவர்" என்று பேசினார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பரீதா பின்வரிசையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். முடிந்ததும் தர்ஷினி காகிதக் கோப்பு ஒன்றை என் கையில் கொடுத்தார். "உங்களிட்டத் தரச் சொன்னவா அங்கிள். என்ன செய்யிறதெண்டு உங்களுக்குத் தெரியுமாம்."

மேலேயே பரீதாவின் விடைத்தாள் இருந்தது. தராசுப் படம், சிவப்புப் பூஜ்ஜியம், என் இனிஷியல். அன்றைய கூட்டத்தில் இதை ஒருமுறை தூக்கிக் காட்டியிருந்தால் வாதம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் காட்டவில்லை. பாடம் தெரிந்த பிள்ளைக்குப் பூஜ்ஜியம் போட்ட என் வேலைக்கும் விசாவுக்கும் ஆபத்து என்று தெரிந்து, இரண்டு ஆண்டு வேலையை வெறும் வாயால் வாதாடினார். நான் அவருக்காக வாயே திறக்கவில்லை.

என் வகுப்பின் கடைசி பெஞ்சில் இப்போது பரீதா போல ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள், டீச்சர். வியாழக்கிழமை அந்த விடைத்தாளை மேசை நடுவில் வைத்து, அது பரீதா வாங்கிய பூஜ்ஜியம் இல்லை, நான் வாங்கியது என்று சொல்லப்போகிறேன். சொல்லிவிட்டு, சுவரில் இருக்கும் அட்டவணையின் அடியில் உங்கள் பெயரை எழுதுவேன், அதே சிவப்பு மையில். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.