உவர்க்குட்டைப் பாசி

ஜோதிலட்சுமியின் கணவன் ராஜாராம் செத்துப்போன அன்று அவள் அழவில்லை. மோட்டார் கொட்டகையில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டவன் அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டான். சேதி கேட்டு கருங்குழியிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு நாத்தனார் சரோஜா பக்கம் திரும்பி, வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாயிற்றா என்று கேட்டாள்.

சரோஜா அதை ரொம்ப காலம் மறக்கவில்லை. "கல்லு மாதிரி உக்காந்துகினு கீறா. என் தம்பி அங்க கெடக்குறான், இவ டீய விசாரிக்கிறா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கல்லாக இருந்தால்கூடத் தேவலை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தது ஜோதிக்கு. தொட்டால் தொட்டது தெரியும், ஆனால் அது யாருடைய காலோ என்றிருக்கும். சரியாகிவிடும் என்று முதலில் காத்திருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. திவசமும் வந்து போனது. அதற்குமேல் அவள் காத்திருக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்த வைஷாலி நடந்தாள், பேசினாள், பள்ளிக்கூடம் போனாள். ஜோதி அவளுக்குத் தலை வாரினாள், சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடினாள். எதிலும் குறை வைக்கவில்லை. எல்லாம் தூரத்தில் யாரோ செய்வதுபோல் நடந்தது.

அவர்கள் நிலம் திருப்போரூருக்குக் கிழக்கே, உப்பங்கழிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். ராஜாராம் இருந்தபோதே போர் தண்ணீரில் உப்பு ஏறி, நெல்லின் நுனி கருகத் தொடங்கியிருந்தது. அவனுக்குப் பிறகு நிலத்தை அப்படியே போட்டுவிட்டு, ஒரு மாட்டை வைத்துக்கொண்டு கூலி வேலைக்குப் போனாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை. முன்பு துணி வெளுக்கிறவர்கள் சலவைக்காக உவர்மண் வெட்டி எடுத்த பள்ளம் அது. மழையில் நிறையும், மாசியில் சுண்டும், சித்திரை வந்தால் தண்ணீர் சோப்புக் கரைத்ததுபோல் வழுவழுத்து நீலமும் பச்சையுமாக நிற்கும். மீன் தங்காது. மாடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஊரில் யாரும் அதை ஒரு தண்ணீராகவே நினைத்ததில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்பாக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அணு ஆராய்ச்சி மையத்தில் ரசாயனப் பிரிவில் வேலை பார்த்த ஜெபகுமாரும், டீச்சராக இருந்த அவர் மனைவி மார்கரெட்டும். நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். லீவு நாளில் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அன்று குட்டையில் சில பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை அலசிக்கொண்டிருந்தன.

"இந்தக் குட்டை யாருதும்மா?"

"எங்களுதுதான் சார். ஏன், அதுல இன்னா கீது?"

"அது என்ன திங்குதுன்னு பாத்தீங்களா?"

"அதுல மீனு கூட இல்ல சார். ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணும் இல்லாத தண்ணியில இவ்வளவு நேரம் நிக்குமா?" என்று சிரித்தவர், ஒரு பாட்டிலில் தண்ணீர் மொண்டுகொண்டு போனார்.

அடுத்த வாரம் ஒரு மரப்பெட்டியில் மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து துணி துவைக்கிற கல்லின்மேல் வைத்தார். ஜோதி குனிந்து ஒரு கண்ணால் பார்த்தாள். பச்சை நூல்கள். பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப்போல் ஒவ்வொன்றும் சுருள் சுருளாக இருந்தது.

"நகருது சார்."

"உயிர் இருக்குல்ல, நகரும். இதுக்குப் பேரு சுருள்பாசி. சிமெண்டுத் தொட்டி கட்டி, சோடா உப்பு போட்டு இதை வளக்கதுக்கு ஆளுங்க படாத பாடு படுறாங்க. உங்களுக்குத் தானா வந்திருக்கு."

அது ஏன் அங்கே வந்தது என்றும் பொறுமையாகச் சொன்னார். உவர்மண் தண்ணீரைச் சோடா உப்பு கலந்ததுபோல் காரமாக்குகிறது. அந்தக் காரத்தில் மற்ற பாசிகள் தாக்குப்பிடிப்பது கடினம். இதற்கு அந்தக் காரம்தான் பிடிக்கும். அதோடு நல்ல வெயில் வேண்டும், ஓடாத சூடான தண்ணீர் வேண்டும், உரத்துக்குப் பறவை எச்சம் இருக்கிறது. போட்டிக்கு ஆள் இல்லாததால் இது மட்டும் தழைத்து நிற்கிறது.

"நல்ல தண்ணி கலந்திச்சுன்னா கதை மாறிரும்மா. மத்த பாசியெல்லாம் உள்ள வந்துரும். அதுல விஷப்பாசியும் உண்டு. பாக்கதுக்கு இதே பச்சைதான். அதனால நான் மைக்ராஸ்கோப்புல பாக்காம யாரும் வாயில வைக்கக்கூடாது."

அவர் அவசரக்காரர் அல்ல. தெரிந்த ஆய்வுக்கூடத்தில் தண்ணீரையும் பாசியையும் சோதித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எடுக்கச் சொன்னார். ஜோதி காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, குடத்தால் மொண்டு வெள்ளைத் துணியில் ஊற்றுவாள். தண்ணீர் இறங்கிவிடும். துணிமேல் கரும்பச்சையாக ஆடை படியும். நல்ல தண்ணீரில் அலசி, மூட்டை கட்டிக் கல்லை ஏற்றிப் பிழிந்தால் சப்பாத்தி மாவுபோல் கிடைக்கும். அதை ஓமப்பொடி அச்சில் போட்டு, வலைமேல் பிழிந்து காயவைத்தால் சாயங்காலத்துக்குள் மொடமொடவென்று ஆகிவிடும். மார்கரெட் அதை மோரில் கலந்து குடித்தாள். கல்பாக்கத்தில் தெரிந்த சில வீடுகளுக்கும் கொடுத்தாள். வைஷாலியின் மோர்சோற்றிலும் ஒரு சிட்டிகை போயிற்று.

"நீங்களும் சாப்பிடுங்க ஜோதி. எப்படி இருக்கு?" என்று மார்கரெட் கேட்டாள்.

ஜோதி ஒரு துண்டைக் கடித்து மென்றாள். "பச்சையா கீது டீச்சர்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சரோஜா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னாடி ஜோதி, பொண்ணுக்குப் போயி சேத்துப் பாசிய ஊட்டிகினு கீற?"

"சாரு பாத்துட்டுதான் தராரு அக்கா."

"ஆமா, பெரிய சாரு."

அதற்கும் ஜோதிக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தத் தண்ணீருக்குள் நிற்பது அவளுக்கு ஒத்துப்போனது. யாரும் ஆறுதல் சொல்ல வராத இடம் அது. வருஷாவருஷம் மழைக்காலத்தில் பாசி மறையும், கோடையில் திரும்ப வரும். விரலிடுக்கில் தண்ணீரைத் தேய்த்துப் பார்த்து, வழுவழுப்பைக்கொண்டே எப்போது எடுக்கலாம் என்று சொல்லுமளவுக்கு அவள் கைக்குப் பழகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஜெபகுமார் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்பார். ஒவ்வொரு முறையும் அதையே சொன்னதால், பிற்பாடு அவர் வருமுன்னரே எடுத்துக் காயவைக்கவும் சோற்றில் கலக்கவும் அவள் துணிந்துவிட்டாள்.

ஆழிப்பேரலை வந்தபோது கடல் கழியோடு ஏறி, அவர்கள் ஊருக்கு எட்டாமல் நின்றுவிட்டது. கல்பாக்கம் குடியிருப்புக்குள் புகுந்துவிட்டது. மார்கரெட்டிடம் படித்த பிள்ளைகளில் சிலர் போய்விட்டார்கள். ஜோதி பால் எடுத்துக்கொண்டு போனாள். மார்கரெட் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். ராஜாராம் செத்த அன்று மற்றவர்களைத் தட்டிக்கொடுத்ததுபோலவே அவள் மார்கரெட்டையும் தட்டிக்கொடுத்தாள். சில மாதத்தில் ஜெபகுமார் ஓய்வு பெற்று, இருவரும் தாம்பரத்துக்குக் குடிபோய்விட்டார்கள்.

அதற்கு அடுத்த ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. ஏரிக்கரை உடைந்து, வயல்களை அடித்துக்கொண்டு வந்த வெள்ளம் உவர்க்குட்டையையும் விழுங்கியது. தண்ணீர் வடிந்தபோது குட்டை முன்பிருந்ததைப்போல் இரண்டு பங்கு அகலமாகிவிட்டது. உப்புத் தணிந்து கிணறுகள் இனித்தன. ஊரே சந்தோஷப்பட்டது. ஜோதியின் மாடு முதல் தடவையாகக் குட்டையில் வாய் வைத்துக் குடித்தது. அந்தக் கோடையில் பூநாரைகள் வரவில்லை.

பங்குனியில் குட்டை பச்சையானது. எந்த வருஷமும் இல்லாத பச்சை. பெயிண்ட் டப்பாவைக் கொட்டிவிட்டதுபோல் காற்றடித்த பக்கம் ஓரத்தில் திரண்டு மிதந்தது. ஊரிலிருந்த ராமதாஸின் எஸ்.டி.டி. பூத்துக்கு மார்கரெட் போன் செய்தாள். ஜெபகுமாருக்கு இதய ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவரால் வந்து பார்க்க முடியவில்லை.

"பாசி வந்திருச்சா ஜோதி?"

"வந்துகீது டீச்சர். நெறைய கீது."

மறுநாள் இறங்கினாள். விரலில் தேய்த்துப் பார்த்தாள். வழுவழுப்பு இல்லை. துணியில் ஊற்றினால் ஆடை படியவில்லை. பாதிக்குமேல் பொடிப்பொடியாகத் துணியைத் தாண்டி இறங்கியது. வாடையும் வேறு. கைக்கு எல்லாம் தெரிந்தது, மனதுக்கு எட்டவில்லை. ரொம்ப நேரம் ஊற்றிக் கொஞ்சம் சேர்த்து, பிழிந்து, காயவைத்தாள். அடுத்த நாள் காலையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் வைஷாலியின் டிபன் பாக்ஸில் மோர்சோற்றோடு ஒரு சிட்டிகையைக் கலந்து மூடினாள்.

வைஷாலி பஸ் ஏறிப் போன பிறகு கொட்டிலுக்குப் போனபோது மாடு படுத்துக் கிடந்தது. எழுப்பினால் எழவில்லை. கால்கள் இழுத்துக்கொண்டிருந்தன. திருப்போரூரிலிருந்து மாட்டு டாக்டர் அருணகிரி வருமுன்னே மூச்சு நின்றுவிட்டது. அவர் வாயைப் பிரித்துப் பார்த்தார். உதடெல்லாம் பச்சை.

"தண்ணி எங்க குடிச்சுது?"

ஜோதி கையைக் காட்டினாள். அவர் குட்டை ஓரம் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"நிச்சயமா சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தப் பாசியாத்தான் இருக்கும்னு தோணுது. ஆடு மாடு எதையும் வுடாதீங்க. நீங்களும் கை வெக்காதீங்க."

ஜோதி செத்த மாட்டைப் பார்த்தாள். வலைமேல் கிடந்த பச்சை இழைகளைப் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

பஸ் நிறுத்தம் வரை ஓடி, வந்த பஸ்ஸில் தொற்றி ஏறி, திருப்போரூரில் இறங்கி மறுபடி ஓடினாள். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. வேப்ப மரத்தடியில் பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வைஷாலியின் டப்பா திறந்து கிடந்தது. அதில் ஒன்றுமில்லை.

"சாப்டியா?"

"இன்னாம்மா, நீ இங்க இன்னா பண்ற?"

"சாப்டியா இல்லயாடி?"

வைஷாலி மிரண்டுபோனாள். "இல்ல. கப்பு அடிச்சுதும்மா. குப்பத்தொட்டியில கொட்டிட்டேன். இவ டப்பாலேந்துதான் சாப்டேன். திட்டாத."

"ஒரு வாய்கூட வெக்கல?"

"சத்தியமா வெக்கல."

ஜோதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தாள். அப்போதுதான் காலில் செருப்பு இல்லாதது தெரிந்தது. தார் ரோடு உள்ளங்காலைப் பொசுக்கியிருந்தது. எரிந்தது. நெருப்பாக எரிந்தது. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரிடம் சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். பஸ்ஸில் வைஷாலி அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜோதி மகளின் கையைப் பார்த்தாள். விரல்கள் அவளுடையவற்றைவிட நீளமாக இருந்தன. நகம் வளர்ந்து மருதாணி பாதியில் நின்றது. இந்தக் கை எப்போது இவ்வளவு பெரிதானது என்று யோசித்தாள். தினமும் அவள் சோறு போட்டு வளர்த்த பெண்.

வீட்டில் சரோஜா ஆட்களை வைத்து மாட்டைப் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். வலையோடு பாசியையும் அதே குழியில் போட்டார்கள். சரோஜா ஜோதியின் காலுக்குப் போட நல்லெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் கொண்டுவந்தாள்.

சேதி போனதும் ஜெபகுமார் கால் டாக்ஸியில் வந்தார். இளைத்துப்போயிருந்தார், சட்டை தொளதொளவென்று தொங்கியது. மார்கரெட்தான் மைக்ராஸ்கோப் பெட்டியைத் தூக்கி வந்தாள். அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு ஜோதியைப் பார்க்கச் சொன்னார். சுருளே இல்லை. மீன் முட்டைபோல் பொடிப்பொடி உருண்டைகள், கும்பல் கும்பலாக.

"இதுதான் நான் சொன்னது. ஏரித்தண்ணி காரத்தை எடுத்திருச்சு. வயல் உரமெல்லாம் சேந்து வந்திருக்கு. நான் ஒரு எட்டு வந்திருக்கணும்மா."

"தண்ணி மாறினது கையில தெரிஞ்சுது சார். தெரிஞ்சும் புழிஞ்சேன்."

"ஏம்மா?"

"தெரியல சார். கை பாட்டுக்கு செஞ்சுகினு இருந்துது."

மார்கரெட் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாலைந்து வருஷம் சரியாகக் காய்ந்தால் பழைய பாசி திரும்பலாம், சொல்வதற்கில்லை என்றார் ஜெபகுமார். போகும்போது மைக்ராஸ்கோப்பை வைஷாலியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டாள்.

ஜோதி குட்டையைச் சுற்றி முள் வெட்டிப் போட்டாள். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கேன்டீன் வேலை கிடைத்தது. விடியற்காலையில் கம்பெனி பஸ். மாற்றம் என்று சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. முன்போலவே அதிகம் பேசமாட்டாள், அழமாட்டாள். ஆனால் வைஷாலி வீடு வரத் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்க ஆரம்பித்தாள். தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அந்தத் தவிப்பு அவளுக்குத் தொந்தரவாக இருந்தது. முன்பு இருந்ததே சௌகரியம் என்றுகூடத் தோன்றும்.

அந்தப் பக்கமெல்லாம் பிளாட் போட்டபோது அவளும் நிலத்தைக் கொடுத்தாள், வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு. லாரி லாரியாகச் செம்மண் கொட்டிக் குட்டையைத் தூர்த்தார்கள். வைஷாலி பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம், அந்த இடத்தை வாங்கியிருந்த ராகவன் என்ற ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருநாள் விடியற்காலையிலேயே ஆட்களோடு அஸ்திவாரம் தோண்ட வந்தார். வேலி ஓரம் நின்றிருந்த ஜோதியைப் பார்த்து, "இங்க தண்ணி எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

"மழ காலத்துல நல்லா இருக்கும் சார். வெயில் ஏற ஏற உவரு ஏறிடும். குடிக்கறதுக்கு வெளியலேந்து வாங்கிக்குங்க."

"குளிக்கலாம்ல?"

"குளிக்கலாம். துணி நல்லா வெளுக்கும்" என்றாள். தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.