கண்ணாடிப் பூசணியின் விலை

ஒனிஹங்காவில் இருந்த அந்த ஏல மண்டபத்துக்கு நாங்கள் முதன்முதலில் போனது ஒரு கட்டில் வாங்க. தொண்ணூறுகளின் தொடக்கம். ஒக்லண்டுக்கு வந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. வாடகை வீட்டில் நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை காலைகளில் பழைய தளபாடங்கள் மலிவாகப் போகும் என்று என் கணவருடன் தொழிற்சாலையில் வேலை செய்த யாரோ சொல்லியிருந்தார். கட்டில் கிடைத்தது. அவர் அதை இரவல் வாங்கிய வான் வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, மண்டபத்தின் மூலையில் நான் அதைக் கண்டேன்.

வெள்ளைக் கண்ணாடிக் கோளம். நன்றாக விளைந்த பூசணிக்காயின் அளவு. முகத்தில் சிவப்பில் ஒரு எண்ணெய்க் கொம்பனியின் பெயர். பழைய காலத்துப் பெற்றோல் பம்புகளின் தலையில் வைத்து, உள்ளே மின்குமிழ் போட்டு எரிப்பார்கள். கொம்பனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இலவச விளம்பரம் செய்ய எனக்கு என்ன தலையெழுத்து.

அதே கோளம் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வாசலில் எரிந்தது. ஐயா, என் தகப்பனார், பெற்றோல் செட் நடத்தினார். இரண்டு பம்பும் ஒரு தகரக் கூரையும்; அதன் பின்னால் வீடு. அரசாங்கம் எண்ணெய் வியாபாரத்தைத் தன் கையில் எடுத்து, கொம்பனியின் பெயர் எங்கும் இருக்கக் கூடாது என்றபோது, மற்றவற்றையெல்லாம் கழற்றிக் கொடுத்த ஐயாவுக்கு அந்தக் கோளத்தைக் கழற்ற மனம் வரவில்லை. பெயர் இருந்த பக்கத்தை வீட்டுப் பக்கமாகத் திருப்பிவிட்டு, வெறும் வெள்ளையை றோட்டுக்குக் காட்டினார். அதனால் நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆங்கிலச் சொல் அந்தக் கொம்பனியின் பெயர்தான். வீட்டில் நாங்கள் அதைக் கண்ணாடிப் பூசணி என்போம்.

அன்றைக்கு ஒனிஹங்காவில் அது, ஒரு பெட்டி நிறைய ஒயில் தகரப் பேணிகளுடன் சேர்த்து, எங்கள் கட்டிலைவிட மலிவாகப் போனது. கையை உயர்த்தியிருக்கலாம். உயர்த்தவில்லை. எங்களுடையது அங்கே பத்திரமாக இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்றுதான் நினைத்தேன்.

பத்திரமாக இருந்தது உண்மை. எரியவில்லை என்பதும் உண்மை. சண்டை திரும்பத் தொடங்கியதும் மின்சாரம் போனது, பெற்றோல் வருவதும் நின்றது. ஊர் முழுக்க மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு துளி பெற்றோல், அதையும் மருந்துப் போத்தலில் வைத்து வாசனைத் திரவியம் மாதிரித் தெளிப்பார்கள். ஐயா ஒவ்வொரு காலையும் செட்டைத் திறந்து, வெறும் பம்புகளைத் துடைத்து, கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட நாளிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

சில வருடங்களில் ஊரே இடம்பெயர்ந்தது. ஐயா ஒரு சைக்கிளுடன் வெளியேறி, எங்கெங்கோ இருந்து, கடைசியில் கொழும்பில் ஒரு லொட்ஜுக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து தொலைபேசியில் கதைத்தார்.

"செட் போயிட்டுது பிள்ளை."

"முழுக்கவோ ஐயா?"

"முழுக்கத்தான். பூசணியும்."

அதன் பிறகு அவர் அதிகம் கதைப்பதில்லை. நான் ஏதாவது கேட்டால் "ஓம்" என்பார், "பாப்பம்" என்பார். ஒரு பம்பிடம் கேட்டிருந்தால்கூட அதைவிடக் கூடச் சொல்லியிருக்கும். அம்மா எப்போதோ போய்விட்டார். எனக்கு மிச்சம் இருந்தது ஐயா மட்டும்தான். அவருக்கு விசாவுக்குப் போட்டோம். போட்ட அன்றே நான் ஒரு முடிவு எடுத்தேன். ஐயா விமானத்தால் இறங்கி என் வீட்டு வாசலுக்கு வரும்போது கண்ணாடிப் பூசணி எரிய வேண்டும். அதைக் கண்டால் அவர் பழையபடி கதைப்பார் என்று நான் முழுமனதாக நம்பினேன்.

அப்போது நான் ஹென்டர்சனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தேன். செட்காரன் மகள் செட்டிலேயே வந்து விழுந்தாள் என்று கணவர் கேலி செய்வார். ஞாயிற்றுக்கிழமை வேலைகளையும் கேட்டு வாங்கி, அந்தச் சம்பளத்தைத் தனியாக வைத்தேன்.

ஆனால் நான் மட்டுமா அதைத் தேடினேன்? எங்கும் பழைய நிலையங்களை இடித்துப் புதிது கட்டிக்கொண்டிருந்தார்கள். இடித்தவுடன்தான் இந்த ஊர்க்காரர்களுக்கு அவற்றின் மேல் ஆசை வந்தது. கோளம், தகரப் பலகை, ஒயில் ஊற்றும் கண்ணாடிப் போத்தல், துருப்பிடித்த காற்றுக் குழாய் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வந்தது. ஓய்வுபெற்ற வெள்ளைக்கார மனிதர்கள் காலை எட்டு மணிக்கே வந்து, டோர்ச் அடித்துக் கண்ணாடியில் வெடிப்புப் பார்த்தார்கள். பிறகு அமெரிக்காவிலிருந்து தொலைபேசியிலும் கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் விலையைக் கட்டிலில்தான் கணக்கிட்டோம். நான் அடுத்த முறை போனபோது கோளம் ஐந்து கட்டிலுக்குப் போனது. அதற்கடுத்த முறை பன்னிரண்டு.

"உமக்கு என்ன விசரே?" என்றார் கணவர். "இந்தக் காசுக்கு நாங்கள் ஒரு ஹொட்டலே திறக்கலாம்."

"நீங்கள் திறவுங்கோ. வாசலிலை எரிய நான் லைற் வாங்கிக்கொண்டு வாறன்."

மூன்றாவது முறை என்னிடம் போதிய காசு இருந்தது. ஒரு யோசனையும் இருந்தது. அந்த யோசனைதான் என்னைக் கெடுத்தது.

அதற்கு முதலில் எங்கள் ஏலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாளில் எங்களுக்கு இங்கே கோயில் கட்டடம் கிடையாது. வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பூசை நடக்கும். முடிவில் அம்மனுக்குச் சாத்திய சேலையையும் படைத்த பழங்களையும் கோயில் நிதிக்காக ஏலம் விடுவார்கள். யாருக்காவது ஒரு நேர்த்திக்கடன், ஒரு குறை இருந்தால், முதலே பக்கத்தில் இருப்பவர் காதில் போட்டுவிடுவார்கள். நீண்ட நாள் பிள்ளையில்லாத ஒரு தம்பதி மாம்பழத்தைக் கேட்டபோது மண்டபம் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தது. கேட்டவரே தன் விலைக்கு மேல் தானே இரண்டு தரம் ஏற்றி, நிறைந்த மனதோடு எடுத்துக்கொண்டு போனார். ஏலம் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். வேண்டியவர் யாரென்று தெரிந்தால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள்.

ஆகவே அந்தச் சனிக்கிழமை ஏலம் தொடங்க முன்பே, முந்தைய இரண்டையும் வாங்கியவரிடம் நேரே போனேன். கிளென்ஃபீல்டில் இருந்து வருபவர். எந்தக் குளிரிலும் அரைக்காற்சட்டை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்: ஐயா, செட், வீட்டுப் பக்கம் திருப்பிய எழுத்து, வெறும் பம்புகளைத் துடைத்தது, விசா. அவர் கண் கலங்கக் கேட்டார். என் கையைப் பிடித்து, இப்படி ஒரு கதையை இதுவரை கேட்டதே இல்லை என்றார். காரியம் முடிந்தது என்று நான் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

அவர் அந்தக் கதையை அடுத்தவரிடம் சொன்னார். அடுத்தவர் ஏலக்காரரிடம் சொன்னார். கோளம் மேசைக்கு வந்ததும் ஏலக்காரர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதே வகைக் கோளம் ஒரு காலத்தில் சிலோனில், போருக்கு நடுவில், ஒரு வீட்டு வாசலில் நின்றது என்று தொடங்கினார். மண்டபம் அசையாமல் கேட்டது. பிறகு கைகள் உயர்ந்தன. அதுவரை தகரப் பலகைகளை மட்டும் வாங்கியவர்களும் கேட்டார்கள். தொலைபேசியும் கேட்டது. என் காசு முதல் இரண்டு நிமிடத்திலேயே பின்னால் நின்றுவிட்டது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து, என் ஐயாவின் விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது கட்டிலைத் தாண்டி, கிளென்ஃபீல்ட்காரருக்கே விழுந்தது.

அவர் சிரித்த முகத்தோடு வந்து வாழ்த்துக்குக் கை நீட்டினார். அவரிடம் ஒரு துளி கள்ளமும் இல்லை. கதை கேட்டது ஒன்று, ஏலம் கேட்டது இன்னொன்று. அவருக்கு இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. அப்பா வந்ததும் கட்டாயம் வீட்டுக்குக் கூட்டிவா என்று தொலைபேசி எண்ணையும் தந்தார். எனக்கு அவருடைய மண்டையில் அந்தக் கோளத்தைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. காருக்குள் வந்து அழுதேன்.

ஐயா வந்தார். எங்கள் வாசலில் அறுபது வாட் சாதாரணக் குமிழ் ஒன்று எரிந்தது. "நல்ல வீடு பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். மூன்று வாரம் யன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் ரோசத்தை விழுங்கிக்கொண்டு கிளென்ஃபீல்டுக்கு போன் எடுத்தேன்.

அவருடைய கராஜில் கார் இல்லை. மூன்று பக்கச் சுவரிலும் பலகைகள்; தட்டு முழுக்கக் கோளங்கள். நடுவில் அன்றைக்கு ஏலத்தில் போனது. அவர் சுவிட்சைப் போட்டார். சிவப்பு எழுத்து எரிந்தது. ஏழு வயதில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற மாதிரி வாய்க்குள் எழுத்துக் கூட்டினேன். பிறகு ஐயாவின் முகத்தைப் பார்த்தேன்.

ஐயா கிட்டப் போய்ப் பார்த்தார். மரியாதைக்குத் தலையாட்டினார். குனிந்து தட்டுக்குக் கீழே பார்த்தார்.

"இதுக்குக் கீழை பம்ப் எங்கை பிள்ளை?"

"பம்ப் இல்லை ஐயா. இது சும்மா அழகுக்கு வைச்சிருக்கினம்."

"ஓ" என்றார். அவ்வளவுதான். கிளென்ஃபீல்ட்காரர் தேநீர் தந்தார், குடித்துவிட்டு வெளிக்கிட்டோம்.

வரும் வழியில் ஹென்டர்சனில் என் வேலையிடத்தைக் காட்டலாம் என்று காரை உள்ளே விட்டேன். இங்கே பெற்றோலை அவரவரே அடிக்க வேண்டும். நான் இறங்கி, உள்ளே வேலையில் நின்றவளுக்குக் கை காட்டிவிட்டுத் திரும்பினால், ஐயா காரை விட்டு இறங்கி பம்புக்குப் பக்கத்தில் நிற்கிறார். சேர்ட்டுக் கையை மடித்துவிட்டிருந்தார். டாங்க் மூடியைத் திறந்து, குழாயை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் செருகி, நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எவ்வளவுக்கு?"

பல வருடமாக நான் கேட்காத குரல் அது. நான் அவருடைய மகளாகவே அந்த நேரம் அவருக்குத் தெரியவில்லை; றோட்டால் வந்த ஒரு வாடிக்கைக்காரி.

"நிரப்புங்கோ" என்றேன்.

அவர் அழுத்தினார். பெற்றோல் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு மூச்சு விடவில்லை, டக்கென்று நின்றது. அன்று காலையில்தான் நான் வேலையாட்களுக்கான கழிவு விலையில் டாங்கை நிரப்பியிருந்தேன்.

"இது முதலே நிறைஞ்சு கிடக்கு பிள்ளை" என்று ஐயா குழாயைத் திரும்ப மாட்டினார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் நான் வேலைக்கு லீவு சொன்னேன். ஐயாவை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கி மேற்குக் கடற்கரைக்குப் போனேன். அங்கே ஒரு அலுவலும் இல்லை. கறுப்பு மணலைப் பார்த்துவிட்டு, வேறு பாதையால் சுற்றி வந்து, இன்னும் பாதி டாங்க் இருக்கிறதே என்று வடக்கே ஒருதரம் போய் வந்தேன். பெற்றோல் முள் அடியில் படுத்த பிறகுதான் ஹென்டர்சனுக்குக் காரைத் திருப்பினேன். அன்று ஐயா முழு டாங்கும் அடித்தார். கண்ணை மூடி அந்த மணத்தை இழுத்தார். வீடு வரும்வரை கதைத்தார்: யார் யாருடைய லொறி, யார் கடன் சொன்னவன், எந்த பம்புக்கு எந்த நோய்.

அதன் பிறகு அதுவே எங்கள் வழக்கமானது. விளக்குக்கென்று சேர்த்த காசெல்லாம் ஒக்லண்டின் றோட்டுகளில் எரிந்து தீர்ந்தது. கணவர் ஒரு தரமும் கட்டில் கணக்குச் சொல்லவில்லை. ஐயாவால் நிற்க முடியாமல் போகும்வரை, ஒவ்வொரு தரமும் அவர் கேட்டார், ஒவ்வொரு தரமும் நான் அதையே சொன்னேன்.

அந்தக் கோளங்கள் இன்னும் ஏலத்துக்கு வருகின்றன என்றும், ஒரு காரின் விலைக்குப் போகின்றன என்றும் சொல்கிறார்கள். நான் போவதில்லை. என் காருக்கு நானே பெற்றோல் அடிக்கிறேன். குழாயைச் செருகிவிட்டு, அழுத்தாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். எவ்வளவுக்கு என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.