மலரின் பெட்டியில் இருந்த முயல் சீரம்

செய்தியை எனக்குச் சொன்னவர் பாக்கியம் அக்கா. காலையில் சந்தைக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டிருந்தேன், தொலைபேசி அடித்தது. "புள்ள, மலர் மிஸ் நம்மள விட்டுட்டுப் போயிற்றா" என்றார். நான் பையோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். மலரின் சொந்தக்காரர்களுக்கும் எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் முந்தி, முகத்துவாரத்து மீன்பிடிகாரர் ஒருவரின் மனைவிக்கு அந்தச் செய்தி எப்படித் தெரிந்தது என்று செத்த வீட்டில் உங்களில் சிலர் கேட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஞானமலரும் நானும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் வாவியில் ஊர்வதையும் நீந்துவதையும் படித்தவள். அவள் உயிர்இரசாயனக்காரி, உடலுக்குள் இருக்கும் புரதங்களைத் தேடுபவள். புளியந்தீவில் பிறந்த வாய்த்துடுக்கு அவளுக்குக் கடைசிவரை குறையவில்லை. ஆய்வுகூடத்தில் மகா கஞ்சத்தனம். எறியவேண்டிய பிளாஸ்டிக் குழாயைக்கூடக் கழுவிக் காயவைப்பாள். கேட்டால், "நமக்குச் சாமான் கப்பல் வாற நேரம் தெரியாதுகா" என்பாள்.

மேலோடான கோதை நண்டு கழற்றும் காலம் நெருங்கும்போது கொடுக்குச் சதை வற்றிப்போகும். வற்றினால்தான் அந்தப் பெரிய கொடுக்கை ஒடுங்கிய மூட்டு வழியாக உருவி எடுக்கலாம். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும், அந்த நண்டை வாங்கிவிட்டு வியாபாரியைத் திட்டாத வீடு இல்லை. சதையைக் கரைப்பது எது என்று மலர் கேட்டாள். உயிரணுவுக்குள் வேண்டாத புரதங்களை நறுக்கித் தள்ளும் புரோட்டியசோம் என்ற கூட்டுத்தான் என்பது அவள் சந்தேகம். அதைப் பிடித்துக் காட்ட, கிருமியை எதிர்க்க இரத்தத்தில் ஊறுவதைப் போன்ற ஒரு பிறபொருளெதிரி வேண்டும். வெளிநாட்டில் விற்றது மனிதப் புரதத்துக்காகச் செய்தது. ஆகவே நண்டின் புரோட்டியசோமிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து, ஒரு வெள்ளை முயலுக்கு ஊசியாகப் போட்டு, அதன் இரத்தத்திலிருந்து தெளிந்த மஞ்சள் சீரத்தை எடுத்தாள்.

அப்படி எடுத்த சீரத்தில் ஒரேயொரு வகைப் பிறபொருளெதிரி இருக்காது. ஒரே புரதத்தைப் பல பக்கங்களிலும் பிடிக்கிற பல வகைகள் கலந்திருக்கும். மாணவர்களுக்கு அவள் இதைச் சொல்லும் விதமே தனி. "ஊருக்குள்ள ஒரு ஆளைத் தேடினா, ஒருத்தர் நடைய வெச்சுக் கண்டுபிடிப்பார், ஒருத்தர் குரல வெச்சு, இன்னொருத்தர் மூக்க வெச்சு. எல்லாருமாச் சேந்தா ஆள் தப்பேலாது" என்பாள். ஆனால் வேறொரு முயலுக்கு ஊசி போட்டால் அதே கலவை திரும்ப வராது. முயல் செத்த பிறகு, பிறீசர் பெட்டியில் அவள் உறையவைத்திருந்த சின்னக் குழாய்கள்தான் மிச்சம். பல வருட உழைப்பு அதற்குள் இருந்தது.

நண்டு கொண்டுவந்து தந்தவர் சாமித்தம்பி அண்ணன், பாக்கியம் அக்காவின் கணவர். கோது கழற்றப்போகும் நண்டுதான் வேண்டும் என்று மலர் சொல்லியிருந்தாள். வாரக்கணக்காக அவளுடைய முடிவுகள் குழம்பிக்கொண்டே வந்தன. இரசாயனத்தைச் சந்தேகித்தாள், தண்ணீரைச் சந்தேகித்தாள், என்னையும் சந்தேகித்தாள். கடைசியில் பார்த்தால், மனுசன் கூடைக்குள் நல்ல சதை நண்டுகளைக் கலந்திருக்கிறார். படித்த பெண்பிள்ளை, நண்டு வாங்கத் தெரியவில்லை என்ற இரக்கம். "வெறுங்கோத உங்களுக்குத் தாறதுக்கு எனக்கு மனம் வரல்ல மிஸ்" என்றார். அன்றைக்கு அந்த நல்ல நண்டுகளைப் பாக்கியம் அக்கா முருங்கையிலை போட்டுக் காய்ச்ச, நாங்கள் அவர்கள் வீட்டிலேயே இருந்து சாப்பிட்டோம். அப்படிச் சிரித்த பகல் பிறகு எனக்கு அதிகம் வாய்க்கவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் சுனாமியாகக் கடல் வந்தது. அந்த வீடு போனது. அவர்கள் இருவரும் உயிரோடு ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தார்கள். பாக்கியம் அக்காவுக்குச் சீனி வருத்தம், ஊசி இல்லாமல் ஆகாது. முகாமில் அவரைப்போல இன்னும் சிலர் இருந்தார்கள். எங்கிருந்தோ இன்சுலின் வந்து சேர்ந்தது, வைக்கத்தான் குளிரான இடம் இல்லை. நகரம் முழுக்க மின்சாரம் இல்லை, ஐஸ் இல்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்த சின்ன ஜெனரேட்டரால் ஒரு பெட்டியை ஓட்டலாம். அங்கே இருந்த ஒரே குளிர்ப்பெட்டி மலரின் பிறீசர்.

இன்சுலின் உறைந்தால் கெட்டுப்போகும். அது உறையாமல் இருக்கவேண்டுமானால் பெட்டியின் குளிரைக் குறைக்கவேண்டும். குறைத்தால் சீரம் உருகும், உருகிய சீரம் எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அவளைத் தடுத்தேன். வேறு வழி பார்ப்போம், கொஞ்சம் யோசி என்று மன்றாடினேன். அவள் ஏற்கெனவே திருகியைத் திருப்பிவிட்டிருந்தாள். "யோசிச்சிட்டன்கா. சீரம் கெட்டா என்ட வேல போகும். இன்சுலின் கெட்டா பாக்கியம் அக்கா போயிருவா" என்றாள். பிறகு, "அவவுக்கு இதச் சொல்லிப்போடாத. மறுகா மருந்தெடுக்க அண்ணன விடமாட்டா" என்றாள். வெப்பமானியை உள்ளே வைத்து, ஜெனரேட்டரை விட்டு விட்டு ஓட்டி, மின்சாரம் திரும்பும்வரை காவல் இருந்தாள். சாமித்தம்பி அண்ணன் சைக்கிளில் வந்து மருந்தை வாங்கிப் போவார்.

பிறகு, ஓய்ந்திருந்த உள்நாட்டுச் சண்டை மறுபடி மூண்டது. வாகரைப் பக்கத்துச் சனங்கள் மூட்டைமுடிச்சோடு வந்து நிறைந்தார்கள். எங்கள் மாணவர்களில் சிலர் வகுப்புக்குத் திரும்பவில்லை. இரசாயனங்கள் வரவில்லை. அந்தச் சீரத்தைப் பற்றி மலர் வாய் திறந்ததே இல்லை. நானும் கேட்கப் பயந்தேன்.

சண்டை முடிந்து, பாதை திறந்து, சாமான்கள் வரத் தொடங்கியபோது ஒருநாள் என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டாள். சதை நிறைந்த நண்டின் புரதமும் கோது கழற்றும் நண்டின் புரதமும் பக்கத்துப் பக்கத்தில். பழைய சீரத்தைப் போட்டுப் பார்த்திருந்தாள். சீரம் பிடித்த இடம் கோடாகப் பதியும் ஈரப் பிலிமை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது, கோது கழற்றும் நண்டின் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. புரோட்டியசோம் புரதம் நிற்கவேண்டிய அதே உயரத்தில் நின்றது. "மங்கல்தான்கா. ஆனா இடம் சரி" என்றாள். பிலிமை என் பக்கம் சாய்த்து, "சீரத்தில எல்லாம் சாகல்ல. மிஞ்சினது பிடிக்குது" என்றாள். இருவரும் அழுதோம், வெட்கப்படவில்லை.

அந்தக் கட்டுரை வெளிவரவில்லை. கோடு மங்கல், திரும்பச் செய்து காட்டுங்கள் என்று கேட்டார்கள். திரும்பச் செய்யச் சீரம் போதவில்லை. எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. அவளோ புதிய முயல்களுக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாள், கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்தவர் பாக்கியம் அக்கா. கூடு வெறுங்கூடாகவே கிடக்கிறது.

செத்த வீட்டில் ஒவ்வொருவரும் தங்கள் மலரைச் சொன்னார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் சுருதி பிசகினால் முறைப்பவள், பரீட்சையில் புள்ளி போடக் கைவராத மிஸ். சாமித்தம்பி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசிவரைக்கும் நண்டு வாங்கத் தெரியாத மனுசி என்றார். எல்லாம் அவள்தான். பாக்கியம் அக்கா தலைமாட்டில் இருந்து சேலையை நீவிவிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கடல் வந்த நேரம் மிஸ்ட பெட்டி சும்மாதானே கிடந்திச்சி புள்ள. அதாலதான் என்ட உசிர் மிஞ்சினது."

சேலையின் மறுபக்கத்தை நான் நீவிவிட்டேன். சொல்லாதே என்றவள் அங்கே படுத்திருந்தாள்.

அந்தப் பிலிம் என்னிடம் இருக்கிறது. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். முப்பத்தோராம் நாள் நினைவு முடியட்டும், முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்ப் பாக்கியம் அக்காவின் கையில் கொடுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்வேன். பெட்டி சும்மா கிடக்கவில்லை, அக்கா.