தொப்பூரில் விட்டுவந்த கணவர்

சேலத்தில் இருக்கும் மகளைப் பார்க்க, மொரப்பூரிலிருந்து நானும் என் கணவரும் காரில் கிளம்பினோம். ஓட்டியது நான். தொப்பூர் அருகே எங்கே சாப்பிடுவது என்பதில் சண்டை. லாரிகள் நிற்கும் சின்னக் கடைதான் ருசி என்றார் அவர். நான் பிடிவாதமாக, போனில் நிறைய நட்சத்திரம் வாங்கியிருந்த பெரிய ஹோட்டலில் நிறுத்தினேன். இட்லி கல்லு மாதிரி இருந்தது. ஒரு வாய் தின்றுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விறுவிறுவென்று வந்து வண்டியில் உட்கார்ந்தேன். பின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என் கோபத்துக்குப் பயந்து பின்னால் ஏறிவிட்டார் என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பினேன்.

கணவாய் இறங்கியதும் தெரியாத எண்ணிலிருந்து போன். ஓரமாக நிறுத்தி எடுத்தேன்.

"நாந்தான். துண்டையும் போனையும் பின்னால போட்டுட்டு, உனக்கு நல்ல டீ வாங்கலாம்னு பக்கத்துல லாரி நிக்கற கடைக்கு வந்தேன். அதுக்குள்ள போயிட்டியே!"

பின் சீட்டில் அவர் துண்டும் போனும் மட்டும் கிடந்தன. சர்க்கரை உள்ளவர், சாப்பிடவும் இல்லை.

"யாரு போனுங்க இது?"

"கடைக்கார அம்மாவோடது. உன் நம்பர் ஒன்னுதான் எனக்கு மனப்பாடம். தோசை சாப்பிட்டுட்டு இருக்கறன். பதறிக்கிட்டு வராத, கணவாய் ரோடு. மெல்ல வா."

சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். "உக்காருங்க, உங்களுக்கும் ஊத்தறன்," என்றார் அந்த அம்மா. கடலைச் சட்னியோடு மூன்று தோசை சாப்பிட்டேன்.

இப்போதெல்லாம் எவ்வளவு கோபமாக இருந்தாலும், "ஏறிட்டீங்களா?" என்று கேட்டு, அவர் குரல் வந்த பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன்.