ரொட்டிக்குக் காவல்

என் அம்மா ஸ்டெய்ன்வோர் இருபத்தாறு கோடைகள் எங்களோடு வெந்நீர் ஊற்றுகளுக்குக் கூடாரம் போட வந்தாள். ரெய்க்யவிக் நகரத்து வீட்டிலேயே ரை தானிய மாவைப் பிசைந்து டப்பாவில் அடைத்துவிடுவாள். போய் இறங்கியதும் கொதிக்கும் மண்ணைத் தோண்டிப் புதைப்பாள். மறுநாள் ரொட்டி வெந்திருக்கும்.

அப்பா வருஷம் தவறாமல் சொல்வார்: "நீ இங்கயே இரு ஸ்டெய்ன்வோர். ரொட்டியை எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்."

மண்ணுக்குள் வேகிற ரொட்டியை எந்தத் திருடன் தோண்டுவான்? ஆனாலும் நாங்கள் சிரித்துக்கொண்டே அப்பா பின்னால் ஓடினோம். ஊற்று குன்றுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம்தான். மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர் சீறும். அந்தச் சத்தம் மட்டும் அம்மாவுக்குக் கேட்கும்.

திரும்பி வந்தால், எங்கள் ஈரக் காலுறைகளைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்பாள்: "எப்படி இருந்துச்சு?"

"போன வருஷம் மாதிரிதாம்மா. பசிக்குது."

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து காபி குடிக்கும்போது அப்பா உறவினர்களிடம் உருக்கமாகச் சொன்னார்: "பாவம், அவளுக்கு ஊற்று பாக்கற ஆசையே கிடையாது. ரொட்டின்னா உசுரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டியவர்களில் நானும் ஒருத்தி.